சோழவந்தான் பக்கம் வாழைத் தோட்டங்களைச் சாய்த்த காற்று: சுழற்காற்றா, நேர்க்காற்றா? சேதத்தை எப்படிப் பதிவு செய்வது?

வைகை வடகரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வாடிப்பட்டி வட்டத்தில், வைகைக்கு வடக்கே, பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள சிற்றூர் எங்களுடையது. வாழை, தென்னை, கரும்பு, கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால் என்பதுதான் இங்குள்ள விவசாயம். சென்ற வாரம், பகல் முழுவதும் வெயில் கொளுத்திய ஒரு நாளின் மாலையில், மேற்கே மேகம் திரண்டு, மழைத்துளி விழுவதற்குச் சற்று முன்னதாக வீசிய காற்று, கால் மணி நேரத்துக்கும் குறைவான பொழுதில் குலை தள்ளிய வாழைத் தோட்டங்களைத் தரையோடு சாய்த்துவிட்டது. தென்னைகள் சில பாதியில் முறிந்தன. கண்மாய்க்கரையில் நின்ற பழைய புளியமரம் ஒன்று வேரோடு பெயர்ந்தது. கோழிப்பண்ணை ஒன்றின் சிமெண்டு அட்டைக் கூரை கழன்று அடுத்த வயலில் கிடக்கிறது. கொடிக்காலில் அகத்திகள் ஒடிந்ததால் வெற்றிலைக் கொடிகள் மண்ணில் புரளுகின்றன. மின்கம்பங்களும் விழுந்தன. ஆடுகள் சில இறந்தன. மனித உயிருக்குச் சேதம் இல்லை என்பதுதான் ஆறுதல்.

வந்தது எந்த வகைக் காற்று என்பதில்தான் ஊரில் இப்போது வாதம் நடக்கிறது. கால்வாய்க் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள் இருவர், செம்மண் நிறத்தில் தூண் போல ஒன்று சுழன்று போனதைத் தங்கள் கண்ணால் பார்த்ததாக உறுதியாகச் சொல்கிறார்கள். சில தென்னைகளின் கொண்டை முறுக்கிப் பிழிந்தாற்போல் தொங்குகிறது. ஒரு தோட்டம் முழுவதும் சாய்ந்து கிடக்க, வரப்புக்கு அந்தப் பக்கம் உள்ள தோட்டத்தில் இலை கிழிந்ததைத் தவிர வேறு சேதம் இல்லை. இவற்றையெல்லாம் சேர்த்து, வந்தது டொர்னாடோதான் (சுழற்காற்றுதான்) என்று இளைஞர்கள் முடிவு கட்டி, எந்த நாட்டிலோ எடுத்த காணொளியை எங்கள் ஊர்ப் பெயரில் வாட்ஸ்அப்பில் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஊர் விவசாயிகள் சங்கம் சேதக் கணக்கு எடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறது. வந்த காற்று எந்த வகை என்பதைத் தரையில் கிடப்பதை வைத்தே தீர்மானிக்க முடியுமா? அதே பதிவு வருவாய்த் துறைக்கும் தோட்டக்கலைத் துறைக்கும் பயன்படும்படி எடுப்பதற்கு என்ன வழி? விழுந்த வாழைகளைச் சிலர் இப்போதே வெட்டி அகற்றத் தொடங்கிவிட்டதால், விரைவாகப் பதில் கிடைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மேகப்பார்வை:

அகற்றுவதற்கு முன்னால், ஒவ்வொரு மரமும் எந்தத் திசையில் தலைவைத்துக் கிடக்கிறது என்பதைக் குறித்துவிடுங்கள். எத்தனை மரம் விழுந்தது என்பதை அடிக்கட்டைகளை எண்ணிப் பிறகும் தெரிந்துகொள்ளலாம். எந்தப் பக்கம் விழுந்தது என்பது அரிவாள் பட்டதும் அழிந்துவிடும். உங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைப்பதாக இருந்தால் அது இந்தத் திசைக் குறிப்பிலிருந்துதான் கிடைக்கும். சேதத்தின் அளவிலிருந்து கிடைக்காது.

இந்த முறைக்கு வழிகாட்டியவர், ஜப்பானில் பிறந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டெட் ஃபுஜிட்டா. 1945-இல் அணுகுண்டு விழுந்த நகரங்களை ஆராயச் சென்ற இளம் ஆய்வாளராக, வெடிப்புக்கு நேர்கீழே இருந்த மரங்கள் நின்றபடி இருக்க, சுற்றிலும் இருந்தவை வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்ததை அவர் பார்த்திருந்தார். 1974 ஏப்ரல் 3, 4 ஆகிய நாள்களில் அமெரிக்காவில் தொடராக 148 சுழற்காற்றுகள் அடித்த பிறகு, விமானத்தில் பறந்து சேதத்தைப் பார்வையிட்டபோது, சில இடங்களில் மரங்கள் சுழல் வடிவில் இல்லாமல், ஒரு மையத்திலிருந்து நாலாபுறமும் விரிந்து கிடப்பது அவர் கண்ணில் பட்டது. மறு ஆண்டு ஜூன் 24 அன்று நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் தரையிறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 66 விபத்துக்குள்ளானபோது, அதை ஆராய்ந்த அவர், இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே இறங்கித் தரையில் மோதிப் பரவுகிறது என்று விளக்கி, அதற்கு டவுன்பர்ஸ்ட் என்று பெயரிட்டார். முதலில் பலர் ஏற்கவில்லை. 1978-இல் சிகாகோ அருகே ராடார்களை வைத்து நடத்திய ஆய்வு அவர் பக்கம் பேசியது.

தரையில் பார்க்க வேண்டிய வேறுபாடு இதுதான். சுழற்காற்று தன் மையத்தை நோக்கிக் காற்றை இழுக்கிறது. ஆகவே அதன் பாதைக்கு இரு புறமும் உள்ள மரங்கள் நடுக்கோட்டை நோக்கி, ஒன்றையொன்று எதிர்கொள்வது போல் விழும். அது நகர்ந்துகொண்டும் இருப்பதால், நம் அரைக்கோளத்தில் பெரும்பாலும் பாதையின் வலப்புறத்தில் நகர்வும் சுழற்சியும் ஒன்றுசேர்ந்து சேதம் கூடுதலாகவும், மரங்கள் காற்று போன திசையிலேயே கிடப்பதாகவும் இருக்கும். இடப்புறத்தில் குறுக்காகவோ பின்னோக்கியோ கிடக்கும். பாதையின் அகலம் சில பத்து மீட்டர் முதல் சில நூறு மீட்டர் வரை இருக்கலாம். நீளம் அதைப் போலப் பல மடங்கு இருக்கும். டவுன்பர்ஸ்ட், அதாவது மேலிருந்து இறங்கி நேராகப் பரவும் நேர்க்காற்று, அப்படியில்லை. மரங்கள் விசிறியைப் போல் விரிந்து விழும். சேதப் பரப்பு நீண்ட பட்டையாக இல்லாமல் திட்டாக இருக்கும். நான்கு கிலோமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மைக்ரோபர்ஸ்ட் என்பார்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். ஒரு மரத்தின் மேல் இன்னொரு மரம் குறுக்கே விழுந்து கிடக்கும் இடங்களில், அடியில் கிடப்பதுதான் முதலில் விழுந்தது. அடியில் உள்ளவை ஒரு திசையிலும் மேலே உள்ளவை அதற்கு எதிர்த்திசையிலும் கிடந்தால், அந்த இடத்தில் காற்றின் திசை சில நொடிகளில் மாறியிருக்கிறது என்று பொருள். சுழல் கடந்து போன இடத்தில் இது நிகழும். எத்தனையோ சேதப் படங்களை இணையத்தில் பார்க்கிறேன். எது அடி, எது மேல் என்று யாரும் குறிப்பதே இல்லை.

நீங்கள் சொன்ன மூன்று அடையாளங்களும் எனக்கு உறுதியானவையாகப் படவில்லை. தென்னையின் கொண்டை ஒரு பக்கம் கனமாக இருந்தால் நேர்க்காற்றே அதை முறுக்கிவிடும். ஒரு தோட்டம் விழுந்து பக்கத்துத் தோட்டம் தப்புவது டவுன்பர்ஸ்ட்டிலும் நடக்கும். தூணைப் பொறுத்தவரை, குளிர்காற்றின் முன்விளிம்பு காய்ந்த மண்ணைக் கிளப்பும்போது தரையோடு சிறு சுழல்கள் எழுவதுண்டு. பெரியவர்கள் பொய் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். பார்த்தது எது என்பதைத்தான் பிரித்தறிய வேண்டும்.

நம் பகுதியின் இயல்பும் டவுன்பர்ஸ்ட் பக்கமே சாய்கிறது. சித்திரை, வைகாசியில் மதுரையைச் சுற்றித் தரையோடு உள்ள காற்று வறண்டு சூடாக இருக்கும். மேகத்தின் அடி உயரத்தில் இருக்கும். அங்கிருந்து விழும் மழை வழியிலேயே ஆவியாவதால் காற்று குளிர்ந்து கனத்து வேகமாக இறங்குகிறது. மழைக்கு முன்னால் காற்று வந்ததாக நீங்கள் எழுதியிருப்பது இதற்குப் பொருந்துகிறது. வலுவான சுழற்காற்றுக்கு வேண்டியது, உயரம் கூடக்கூடக் காற்றின் வேகமும் திசையும் பெரிதும் மாறும் நிலை. அது வட இந்தியாவிலும் வங்கத்திலும் பங்குனி, சித்திரையில் அடிக்கடி அமைகிறது. 1978 மார்ச் 17 அன்று வடக்கு தில்லியில் அடித்ததும், 2023 மார்ச்சில் பஞ்சாபின் ஃபாசில்கா மாவட்டத்தில் கின்னோ ஆரஞ்சுத் தோட்டங்களைச் சாய்த்ததும், 2024 மார்ச் 31 அன்று ஜல்பாய்குரி மாவட்டம் மைனாகுரியில் வீடுகளைத் தகர்த்ததும் அத்தகையவை. தமிழ்நாட்டின் உள்பகுதியில் அது அரிது. நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன்.

ராடார் படத்தைப் பார்த்தால் தெரியாதா என்று யாரேனும் கேட்கலாம். ராடார்கள் உள்ள காரைக்காலும் கொச்சியும் உங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. அந்தத் தொலைவில், அரைப் பாகை சாய்வில் அனுப்பும் கதிர்கூடத் தரையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உயரத்தில்தான் போகும். மேகத்தின் நடுப்பகுதி தெரியும்; தென்னை மரத்து உயரத்தில் நடந்தது தெரியாது. ஆகவே தோட்டத்தில் இறங்கிப் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

கம்பம் வாழை:

மேலே உள்ள பதிலை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாழையின் திசையை அப்படியே நம்பிவிடக் கூடாது என்று ஒரு வாழைக்காரனாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்றுக்கு ஆண்டுதோறும் வாழை சாய்வதைப் பார்த்துப் பழகியவன் நான். குலை தள்ளிய வாழை, குலை தொங்கும் பக்கமே ஏற்கெனவே சாய்ந்து நிற்கும். காற்று கொஞ்சம் குறுக்காக வந்தாலும் அது தன் குலையின் பக்கமே விழப் பார்க்கும். சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்திருந்தால் முட்டு இல்லாத பக்கம் விழும். ஆகவே குலை தள்ளாத, ஐந்தாறு மாத வயதுள்ள கன்றுகளைத் தனியாகப் பாருங்கள். அவை விழுந்திருந்தால் காற்று தள்ளிய பக்கமே விழுந்திருக்கும். குலை வாழையையும் குறியுங்கள். ஆனால் குலை எந்தப் பக்கம் இருந்தது, முட்டு இருந்ததா என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.

வேரோடு சாய்ந்ததா, தண்டு ஒடிந்ததா என்பதும் முக்கியம். அன்று காலையில்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள் என்றால் ஈரமண்ணில் கிழங்கோடு பெயர்ந்து வந்துவிடும். அதற்குப் பெரிய காற்று தேவையில்லை. மண் காய்ந்திருந்து தண்டு நடுவில் ஒடிந்திருந்தால் காற்று கடுமையாக இருந்திருக்கிறது. வாழை என்பது மரமே அன்று. இலைகளின் அடிமட்டைகள் ஒன்றையொன்று சுற்றி நிற்பதுதான் நாம் தண்டு என்று பார்ப்பது. அதை வைத்துக் காற்றின் வேகத்தைச் சொல்ல முற்பட்டால் தவறாகவே முடியும்.

உங்கள் ஊரில் கரும்பு இருக்கிறதே, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கரும்புத் தோட்டம் சாயும்போது முழுப் பரப்பும் ஒரே திசையில் படுக்கும். திசை மாறிய இடத்தில் அந்தக் கோடு கண்ணுக்கே தெரியும். பக்கத்தில் உள்ள தண்ணீர்த் தொட்டி மீதோ மொட்டை மாடி மீதோ ஏறி நின்று படம் எடுத்தால் போதும்.

குலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. முக்கால் பங்கு விளைந்தவற்றை உடனே இறக்கி விற்றுவிடச் சொல்லுங்கள். மண்ணில் கிடந்து வெயில் பட்டால் வியாபாரி தொட மாட்டார். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் படம் எடுத்துவிட வேண்டும். பக்கக் கன்று நல்லதாக இருந்தால் தாய்த்தண்டை அடியில் அறுத்துவிட்டு மறுதாம்புக்கு விடலாம். எல்லாவற்றையும் டிராக்டர் விட்டு உழுதுவிட வேண்டியதில்லை.

கட்டுமானம் திருமங்கலம்:

நான் கட்டடப் பொறியாளன். காற்றின் வேகத்தைச் சேதத்திலிருந்து மதிப்பிடுவது பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் ஊரில் இனி எழப்போகும் அடுத்த வாதம் அதுவாகத்தான் இருக்கும்.

ஃபுஜிட்டா 1971-இல் வெளியிட்ட அளவுகோல் பிறகு திருத்தப்பட்டு, 2007 முதல் மேம்பட்ட ஃபுஜிட்டா அளவுகோல் என்ற பெயரில் அமெரிக்காவில் நடைமுறையில் இருக்கிறது. பலரும் நினைப்பதற்கு மாறாக, அது காற்றை அளப்பதில்லை. வீடு, பள்ளிக் கட்டடம், மின்கம்பம், மரம் என்று 28 வகைப் பொருள்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்த அளவு சிதைந்தால் எவ்வளவு வேகம் இருந்திருக்கக் கூடும் என்று கணிக்கிறது. மணிக்கு 105 முதல் 137 கிலோமீட்டர் வரை இ.எஃப்.0, 138 முதல் 177 வரை இ.எஃப்.1, அப்படியே ஏறி 322-ஐத் தாண்டினால் இ.எஃப்.5. வன்மர வகைக்கு, பெரிய கிளைகள் ஒடிந்தால் சுமார் 119, மரம் வேரோடு பெயர்ந்தால் சுமார் 146, அடிமரமே முறிந்தால் சுமார் 177 என்று எதிர்பார்ப்பு வேகம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழ்வரம்பும் மேல்வரம்பும் உண்டு. கண்மாய்க்கரைப் புளியமரத்தின் வேர் ஒரு பக்கம் தண்ணீரை நோக்கி அரிக்கப்பட்டிருந்தால், கீழ்வரம்பையும்விடக் குறைந்த காற்றிலேயே அது பெயர்ந்திருக்கலாம். குழியில் இறங்கி வேரைப் பாருங்கள்: பச்சை வேர் பிய்ந்திருக்கிறதா, உளுத்த வேர் ஒடிந்திருக்கிறதா? வாழையும் தென்னையும் அந்த 28-இல் இல்லை என்பதால் அவற்றுக்கு எண் கொடுக்கவே முடியாது.

கோழிப்பண்ணைக் கூரையைப் பற்றிக் கேட்டால், முதலில் அட்டைகள் எப்படிப் பிணைக்கப்பட்டிருந்தன என்பதைப் பார்ப்பேன். ஜே வடிவ போல்ட்டுகள் இழுபட்டு நேராகியிருக்கின்றனவா, துருப்பிடித்து ஒடிந்திருக்கின்றனவா, அட்டையில் இருந்த துளை கிழிந்து பெரிதாகியிருக்கிறதா என்ற மூன்றும் மூன்று வெவ்வேறு கதைகளைச் சொல்லும். பண்ணைக் கொட்டகைகளுக்குப் பக்கச் சுவர் கிடையாது, வலை மட்டும்தான். காற்று உள்ளே புகுந்து கீழிருந்து தள்ள, மேலே உறிஞ்சல் இழுக்க, இரண்டும் சேர்ந்து அட்டையைத் தூக்கிவிடும். கூரை பறந்தது என்பதால் மட்டும் காற்று பேய்வேகம் என்று கருத வேண்டியதில்லை. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி மதுரைக்கு வகுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அந்த வேகத்துக்குக் கணக்கிட்டுக் கட்டிய கொட்டகை எத்தனை இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டுத் தகரக் கூரைகளில் பாதி, மேலே வைத்த கல்லை நம்பித்தான் இருக்கின்றன.

ஒவ்வொரு அட்டையும் எங்கே போய் விழுந்தது என்பதைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சுவர்களையும் பாருங்கள்: சேறும் இலைத்துணுக்கும் ஒரே பக்கச் சுவரில் அப்பியிருக்கின்றனவா, நான்கு பக்கமும் அப்பியிருக்கின்றனவா? மழையும் காற்றும் சேர்ந்து வந்த பிறகு இது நல்ல சாட்சி. அடுத்த மழை வந்தால் கழுவிப் போய்விடும். அறுந்து கிடக்கும் மின்கம்பிகளில் மின்சாரம் இல்லை என்று வாரிய ஊழியர் சொல்லும் வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். கம்பிவேலியைத் தொடுவதும் ஆபத்து.

ஓய்வு வருவாய்:

வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தம்பி கேட்ட இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

காற்று சுழன்று வந்ததா, நேராக வந்ததா என்பது பயிர்ச்சேத அறிக்கையில் ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது. அறிக்கைக்கு அடிப்படை மூன்று விவரங்கள்: எந்தச் சர்வே எண்ணும் உட்பிரிவும், அதில் எவ்வளவு பரப்பில் என்ன பயிர், அதில் எத்தனை பங்கு சேதம். பயிர்ச்சேதம் 33 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் பேரிடர் நிவாரண விதிமுறைப்படி இடுபொருள் மானியம் கிடையாது. 2015-க்கு முன்பு இது 50 விழுக்காடாக இருந்தது. 2022 முதல் 2026 வரையிலான மத்திய விதிமுறையில் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாயும் குறிக்கப்பட்டிருந்தன. ஒரு விவசாயிக்கு இரண்டு ஹெக்டேர் வரைதான் கணக்கு. மாநில அரசு தனியாக ஆணை வெளியிட்டால் தொகை மாறும்.

ஆகவே "தோட்டமே போச்சு" என்று எழுதிக் கொடுக்காமல், ஒரு தோட்டத்தில் மொத்த வாழை எத்தனை, சாய்ந்தது எத்தனை என்று வரிசை வரிசையாக எண்ணி எழுதுங்கள். ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் நட்டிருந்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,200 கன்று வரும். எண்ணிக்கை அதோடு ஒத்துப்போகிறதா என்று புலத்தணிக்கைக்கு வருபவர் பார்ப்பார். கிராம நிர்வாக அலுவலரும் உதவித் தோட்டக்கலை அலுவலரும் சேர்ந்து கூட்டாக வருவதுதான் முறை. அவர்கள் தனித்தனியாக வந்து தனித்தனியாக எண்ணி, இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாமல் கோப்பு திரும்பி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். சங்கத்தின் பட்டியல் ஒன்று தயாராகக் கையில் இருந்தால் அந்த வேறுபாட்டை அங்கேயே, வரப்பிலேயே தீர்த்துவிடலாம்.

கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் இந்தப் பசலிக்கு (வருவாய் ஆண்டுக்கு) வாழை என்று ஏறியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். சென்ற ஆண்டு நெல், இந்த ஆண்டு வாழை என்றிருக்க, அடங்கலில் இன்னும் நெல்லே நின்றால் தொல்லை. படங்களில் நாள், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை பதியும்படி எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் கிணறு, மோட்டார் அறை, பனைமரம் என்று இடம் மாறாத அடையாளம் ஒன்று தெரியட்டும். இறந்த ஆடுகளுக்குக் கால்நடை மருத்துவரின் சான்று இல்லாமல் எதுவும் நகராது.

பயிர்க் காப்பீடு வைத்திருப்பவர்கள் தங்கள் பயிருக்கு எந்தத் திட்டம், அதில் காற்றுச் சேதம் அடங்குமா என்பதை ஒப்புகைச் சீட்டை வைத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தனித்தனி வயலுக்கு இழப்பீடு கோரும் பிரிவில் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, நீர் தேங்குதல், மேகவெடிப்பு, மின்னலால் எழும் தீ ஆகியவை சொல்லப்பட்டுள்ளன. அவற்றுக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். வெறும் காற்று அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் ஊரில் அன்று ஆலங்கட்டி விழுந்ததா?

வைகை வடகரை:

நால்வருக்கும் நன்றி. ஆலங்கட்டி விழவில்லை, ஐயா. அடங்கலில் இருவருக்குப் பயிர் மாறாமல் இருந்தது, மனு கொடுத்திருக்கிறோம்.

சங்கத்து இளைஞர்கள் ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு, கைப்பேசித் திசைகாட்டியை வைத்துத் தென்னை, வேம்பு, அகத்தி, குலை தள்ளாத வாழை ஆகியவற்றின் திசையை எழுதி வந்தார்கள். அவற்றைப் புல வரைபட நகலில் அம்புக்குறிகளாகப் போட்டுப் பார்த்தோம். கண்மாய்க்கு அருகில் சேதம் குறைவு. அங்கிருந்து கிழக்கே போகப் போக மரங்கள் கிழக்கு நோக்கியும், வடக்குப் பகுதியில் வடகிழக்காகவும், தெற்கே ஆற்றுப் பக்கம் தென்கிழக்காகவும் கிடக்கின்றன. கரும்பும் அதே போக்கில்தான் படுத்திருக்கிறது. கோழிப்பண்ணை அட்டைகள் வடகிழக்கே சிதறியிருக்கின்றன. சேறு அப்பியிருப்பது மேற்குச் சுவர்களில் மட்டும். புளியமரத்தின் குழியில் இறங்கிப் பார்த்ததில், கண்மாய்ப் பக்கத்து வேர்கள் பாதிக்கு மேல் உளுத்திருந்தன.

ஒரே ஓர் இடம் மட்டும் இதற்கு ஒத்துவரவில்லை. கால்வாய்க் கரையை ஒட்டி, ஒரு தார்ச்சாலை அகலத்துக்குச் சற்று கூடுதலான பட்டையில், கொடிக்கால் வழியாக ஏறத்தாழ இருநூறு மீட்டர் தூரத்துக்கு, இரு பக்கத்து அகத்திகளும் உள்நோக்கி விழுந்திருக்கின்றன. அடியில் கிடப்பவை தென்கிழக்காகவும், அவற்றின் மேல் கிடப்பவை வடக்காகவும் உள்ளன. பெரியவர்கள் தூணைப் பார்த்ததாகச் சொல்வதும் இந்தப் பக்கம்தான். இதை எப்படி எடுத்துக்கொள்வது? குத்தகைக்குப் பயிர் செய்பவர்களின் பெயரைப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது என்பதையும் ஐயா சொன்னால் நல்லது.

மேகப்பார்வை:

இவ்வளவு தெளிவான விசிறியைத் தரையிலிருந்து எடுத்த பதிவில் நான் பார்த்ததில்லை. பெரும் சேதத்தைச் செய்தது கண்மாய்ப் பக்கம் இறங்கிக் கிழக்கே ஓடிய டவுன்பர்ஸ்ட்தான் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. மையத்தில் சேதம் குறைந்து, வெளியே போகப் போக மரங்கள் விரிந்து விழுந்திருப்பதும், சேறு ஒரே பக்கச் சுவரில் இருப்பதும் வேறு எதற்கும் பொருந்தவில்லை.

கொடிக்கால் பட்டை வேறு. உள்நோக்கி விழுந்ததும், அடியிலும் மேலும் திசை மாறியிருப்பதும் அங்கே ஏதோ சுழன்றிருக்கிறது என்பதைக் காட்டுகின்றன. ஆனால் இருநூறு மீட்டரில் தொடங்கி முடிந்த ஒன்றைச் சுழற்காற்று என்று அழைக்கத் தயங்குகிறேன். குளிர்காற்றின் முன்விளிம்பில் எழுந்து, மேகத்தோடு தொடர்பில்லாமல், ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும் சுழல்கள் உண்டு, கஸ்ட்னேடோ என்பார்கள். அகத்தி எளிதில் ஒடியும் மரம் என்பதால் அத்தகைய மெலிந்த சுழலே போதும். அப்படியானால் பெரியவர்கள் பார்த்ததும் உண்மை, ஊரைச் சாய்த்தது அது இல்லை என்பதும் உண்மை.

இதை இன்னும் கொஞ்சம் உறுதிப்படுத்த வழியிருக்கிறது. பெரியவர்கள் இருவரும் வேறு வேறு இடத்தில் நின்றிருந்தால், தனித்தனியாக அதே இடத்துக்கு அழைத்துப் போய், தூண் முதலில் எந்தப் பக்கம் தெரிந்தது என்று கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு திசைக் கோடுகளும் வரைபடத்தில் வெட்டிக்கொள்ளும் இடம் கொடிக்காலில் விழுகிறதா என்று பாருங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கக் கூடாது. தூணின் தலை மேகத்தைத் தொட்டதா, பாதியிலேயே கலைந்ததா என்பதையும் கேளுங்கள்; நீங்களாகப் பதிலை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன; பத்து மீட்டர் துல்லியம், ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒரு படம். காற்றுக்கு முந்தைய படத்தையும், மேகம் இல்லாத அடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் சாய்ந்த வாழைப் பரப்பு நிறம் மாறித் தெரியும். கொடிக்கால் பட்டை அதில் ஓரிரு புள்ளி அகலத்தில்தான் இருக்கும், தெரியாமலும் போகலாம். பெரிய விசிறியின் எல்லையை வரைய அது உதவும். ட்ரோன் வைத்திருப்பவர் யாரேனும் இருந்தால், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்பதைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் ஊர் எந்த நிற மண்டலத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டுப் பறக்கவிடச் சொல்லுங்கள்.

ஓய்வு வருவாய்:

குத்தகைதாரர் விஷயத்தில்தான் பெரும்பாலான பட்டியல்கள் சிக்கிக்கொள்கின்றன. வாய்மொழிக் குத்தகையாக இருந்தால், நில உரிமையாளரிடம் பேசி, இந்தப் பசலியில் பயிர் செய்தவர் இன்னார் என்று ஒரு கடிதம் வாங்கி, அதைக் காட்டிக் கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்று கேட்கச் சொல்லுங்கள். உரிமையாளர் தயங்கினால் கூட்டுத் தணிக்கை நடக்கும் நாளில் அவரையும் தோட்டத்துக்கு வரவழையுங்கள். நேரில் நின்று மறுப்பது கடினம். பட்டியலில் உரிமையாளர், பயிர் செய்தவர் என்று இரண்டு பத்திகள் தனியாக வையுங்கள். உங்கள் அம்புக்குறி வரைபடத்தின் நகல் ஒன்றையும் இணைத்துவிடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் அதைக் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரு தோட்டம் விழுந்து பக்கத்துத் தோட்டம் தப்பியது எப்படி என்று மேலிருந்து யாராவது கேள்வி எழுப்பினால், விடை அந்தத் தாளில் இருக்கும்.